இளையபெருமாள் பங்குச் சோறு

முதல் நாள் அது வெறும் மண்தான். சத்துணவுக் கூடத்தைப் பூட்டிவிட்டு வந்த மலர்க்கொடி அறையைக் கூட்டும்போது, கிழக்குச் சுவரின் அடியில் ஒரு பிடி செம்மண் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. காலையில் கூட்டிய தரை. வாரி வெளியே கொட்டினாள். மறுநாளும் அதே இடத்தில் அதே மண். அதற்கு அடுத்த நாள் மண்ணோடு சத்தமும் வந்துவிட்டது. மழை விட்டு ஓட்டுத் தண்ணீர் முற்றத்தில் சொட்டிக்கொண்டிருந்த சாயங்கால வேளையில், சுவருக்குள் எதுவோ சரக் சரக்கென்று பிறாண்டியது. சற்று நின்றது. மூச்சு வாங்கிக்கொண்ட மாதிரி இடைவெளி விட்டு, மறுபடி பிறாண்டியது.

எலி என்றுதான் நினைத்தாள். வேறென்ன நினைக்க? சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் சின்னதுரையின் கொட்டை ரூம். முந்திரி சீசனில் மூட்டைகளை அடுக்குவார்கள். ஐப்பசியில் அங்கே பழைய சாக்கைத் தவிர வேறெதுவும் இருக்காது. ஒரே ஓட்டு வீட்டைக் குறுக்கே தடுத்து, ஒரு மூலையை அவளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஆண்டிமடத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவே முந்திரிக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த அந்த ஊரில், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு சத்துணவு அமைப்பாளராக வந்த ஒருத்திக்கு வீடு கிடைத்ததே பெரிய விஷயம். எலிக்கெல்லாம் முகம் சுளித்தால் ஆகுமா?

எலி வளைக்கு எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். உடைந்த அரிக்கேன் கண்ணாடியைச் சில்லுச் சில்லாக இடித்துக் களிமண்ணில் பிசைந்து, மண் உதிர்ந்த இடத்தில் விழுந்திருந்த ஓட்டைக்குள் விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தாள். ஓட்டை சுண்டுவிரல் நுழையும் அளவுதான் இருந்தது. அதிலிருந்து முந்திரித் தோலின் எண்ணெய் நெடி அடித்தது. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது, பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் காயப் போட்ட துணியிலிருந்து வருமே, அந்த வாடை. அந்த வீட்டில் குழந்தை கிடையாது. எலி மூத்திரம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கையைக் கழுவினாள்.

அன்றைக்குச் சத்தம் வரவில்லை.

சின்னதுரையின் அப்பா இளையபெருமாளை அவளுக்கு நன்றாகத் தெரியும். முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் சத்துணவுக் கூடத்தில் மதியச் சோறு போடச் சொல்லி உத்தரவு வந்த நாளிலிருந்து தட்டோடு வந்துகொண்டிருந்தவர். முந்திரிக்காடு இருக்கிற வீட்டுப் பெரியவருக்கு இந்தப் பென்ஷன் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. காட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்த கையோடு அவர் ஆதரவற்றவர் ஆகிவிட்டார், அவ்வளவுதான். பிள்ளைகள் வரிசைக்குக் கடைசியில் சம்மணம் போட்டு உட்காருவார். தின்றுவிட்டுத் தட்டை அவரே கழுவுவார். போகும்போது, "இன்னைக்கு உப்பு சரியா இருக்கு டீச்சர்" என்று தினமும் தவறாமல் சொல்லிவிட்டுப் போவார். உப்பு கரித்த நாளிலும் அதைத்தான் சொல்வார். அந்த மனுஷனை அவளுக்குப் பிடிக்கும்.

ஆவணியோடு அவர் வரவு நின்றது. அவருக்குப் பதிலாக மருமகள் பஞ்சவர்ணம் தூக்குவாளியோடு வந்து நின்றாள். "மாமாவுக்கு முடியல டீச்சர். பங்கக் குடுங்க, வூட்டுல வச்சு ஊட்டிடறேன்" என்றாள். மலர்க்கொடி ஒரு கரண்டி கூடவே போட்டாள். இப்படி ஒரு மருமகளா என்று வீரம்மாளிடம் மெச்சக்கூடச் செய்தாள். வீரம்மாள் கூடத்தில் சமையல் செய்கிறவள், ஊர் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக நிற்பவள். அவளும் ஆமாம் ஆமாம் என்றாள்.

ஓட்டையை அடைத்த மறுநாள் கூடம் விட்டு வரும்போது, சின்னதுரை வீட்டு மாட்டுத்தொட்டியை மலர்க்கொடி யதேச்சையாகத்தான் பார்த்தாள். கழுநீரில் அவள் வடித்த சோறு மிதந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் போட்ட பச்சைப்பயறும் கூட. பசு மூக்கை விட்டு அலசிக்கொண்டிருந்தது.

"தாத்தா சாப்பிடலீங்களா அக்கா?"

பஞ்சவர்ணம் சிரித்தாள். "வாய் கசக்குதாம்" என்றாள். அப்புறம் அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் மலர்க்கொடி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். தாத்தாவை எங்கே படுக்கவைத்திருக்கிறார்கள்? முன்கூடம் வாசலிலிருந்தே தெரியும். அங்கே அவர் இல்லை. அடுப்படியில் இல்லை. வேறு எந்த அறைதான் அந்த வீட்டில் இருக்கிறது?

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கிழக்குச் சுவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. குண்டு பல்ப் மங்கலாக எரிய, சுவரின் மேடுபள்ளங்களெல்லாம் நிழலாக நீண்டு கிடந்தன. அடியில், அவள் அடைத்த களிமண் ஈரம் காயாமல் கருத்திருந்தது. அது அசைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு கட்டி உதிர்ந்தது. கண்ணாடிச் சில்லு ஒன்று தரையில் விழுந்து மினுங்கியது. அதன் ஓரத்தில் சிவப்பு.

பிறகு ஒரு நகம்.

பிறகு விரல். தோல் கிழிந்த விரல்.

அவள் மண்டியிட்டு, சுவரில் கன்னத்தை வைத்தாள்.

"தாத்தா?"

அந்தப் பக்கம் மூச்சு இரைத்தது. பிறகு, "சோறு இருக்கா ஆத்தா?" என்றது குரல்.

என்ன செய்துவிட்டேன்! கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவள் கையும் கிழிந்தது, அது நல்லதுதான் என்று தோன்றியது. ராத்திரிக்கு வைத்திருந்த சோற்றை விரல் பருமனுக்கு உருட்டி உருட்டி ஓட்டைக்குள் விட்டாள். ஒவ்வொரு உருண்டையும் சட்டென்று பிடுங்கப்பட்டது. மெல்லும் சத்தமே கேட்கவில்லை, விழுங்கும் சத்தம்தான்.

"பூட்டிப் போட்டிருக்காங்களா?"

"கதவத் தட்டக் கூடாதுங்கிறா. தட்டுனா தண்ணியும் கெடையாது. அதான் செவுத்த..."

அந்தப் பக்கம் நாதாங்கி விழுந்தது. கதவு கிறீச்சிட்டது. உருண்டையைப் பிடித்திருந்த விரல் உள்ளே போய்விட்டது.

"மாமா, யாருகூடப் பேசுறீங்க?" பஞ்சவர்ணத்தின் குரலில் கோபமே இல்லை. பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

சாக்கு இழுபடும் சத்தம். வெறுங்கால் நடக்கும் சத்தம். அது சுவரை நோக்கி வந்தது. நின்றது. யாரோ குத்துக்காலிட்டு உட்காரும்போது சேலை மடங்கும் சரசரப்பு. மலர்க்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். ஓட்டையிலிருந்து மல்லிகைப் பூ வாசனை வந்தது. கன்னத்துக்கு வெகு அருகில்.

"டீச்சர். வெளக்கு ஏத்திட்டீங்களா?"

பிறகு ஈர மண்ணை அப்பும் சத்தம் கேட்டது. மெதுவாக. தட்டித் தட்டி. ஓட்டை உள்ளிருந்து மூடிக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ் பிடித்து டவுனுக்குப் போனாள். ஸ்டேஷனில் வயசான ஏட்டு ஒருவர் மட்டும் இருந்தார். மற்றவர்களெல்லாம் தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். அவர் நல்ல மனுஷன். முழுசாகக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு விடியக்காலை ஆளோட வரேம்மா. அதுவரைக்கும் ஊர்ல நாலு பேரக் கூட்டிட்டுப் போய்ப் பாக்க வையிங்க. வெளி ஆளுங்க கண்ணுல பட்டுட்டா ஒண்ணும் பண்ணத் துணிய மாட்டாங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த நாலு பேரைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். தெருவே சின்னதுரையின் பங்காளிகள். அடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று வாய் விட்டால், நேரே சின்னதுரையிடம் போய்த்தான் கேட்பார்கள். அவன் இல்லை என்பான். அவள் பொட்டியைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். அந்த மனுஷர் கதி அப்புறம் என்ன ஆகும்? பக்குவமாகச் சொல்ல வேண்டும். யாரையும் குற்றம் சொல்லாமல், ஆனால் எல்லோரும் வந்து பார்க்கும்படி.

பக்குவமாகத்தான் சொன்னாள். சோறு வடித்துக்கொண்டிருந்த வீரம்மாளிடம் போய், "அக்கா, இளையபெருமாள் தாத்தா ரொம்ப மோசமாக் கெடக்காரு. எல்லாரும் ஒரு தடவ வந்து பாத்துருங்க" என்றாள்.

வீரம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது. "அப்படியா தாயி. நல்ல மனுசன். நான் எல்லாருக்கும் சொல்லிடறேன்."

"எல்லாருக்கும் சொல்லுங்க. ஒருத்தர் விடாம."

அன்று பஞ்சவர்ணம் தூக்குவாளியோடு வரவில்லை. மலர்க்கொடிக்கு நிம்மதியும் பயமும் மாறி மாறி வந்தன. காட்டிக்கொடுத்துவிட்டோம் என்ற பயம். எப்படியும் இன்றைக்குக் கதவு திறக்கும் என்ற நிம்மதி. தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள், பாவம்.

பொழுது சாய்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சேற்றில் காலை ஊன்றி ஊன்றி, பேச்சில்லாமல் வந்தார்கள். நாலு பேர் என்ன, நாற்பது பேர் வருவார்கள் போலிருந்தது. மலர்க்கொடிக்கு நெஞ்சு நிறைந்தது. வாசலுக்கு ஓடி வந்தாள். அப்போதுதான் அவர்கள் கைகளைப் பார்த்தாள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டம்ளர். மழை விழாமல் வாழை இலைத் துண்டால் மூடிய டம்ளர்.

"என்ன அக்கா இது?"

"பால்தான் தாயி" என்றாள் வீரம்மாள். "கடைசியா ஒரு வாய் ஊத்திட்டா அந்தக் கட்டை நிம்மதியாப் போவும்ல."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மோசமாகக் கிடக்கிறார், வந்து பார்த்துவிடுங்கள் என்றால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது, பால் ஊற்ற வாருங்கள் என்று அவள்தான் ஊரைக் கூட்டியிருக்கிறாள்.

சின்னதுரை வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. முன்கூடத்தில் புதுப்பாயில், தெற்கே தலைவைத்து, இளையபெருமாளைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார்கள். எலும்புக்கு மேல் தோலைப் போர்த்தி வைத்த மாதிரி இருந்தார். வலதுகை விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. சாம்பிராணிப் புகைக்குள் அந்தப் பழைய வாடை இருந்தும் இல்லாமலும் இருந்தது. தூணோரம் சின்னதுரை நின்று அழுதுகொண்டிருந்தான். நிஜமான கண்ணீர்தான்.

"வாங்க" என்றாள் பஞ்சவர்ணம், தலைமுடி ஈரம் சொட்ட. "நாங்களே சொல்லி அனுப்பலாம்னு இருந்தோம். டீச்சர் முந்திக்கிட்டாங்க."

பங்காளிகள் முதலில் ஊற்றினார்கள். சின்னக் கரண்டி. ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. இளையபெருமாள் ஆவலாக விழுங்கினார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டு வாயைத் திறந்தார். அடுத்தவர் ஊற்றினார். மறுபடி திறந்தார்.

"சாகலீங்க அவரு" என்றாள் மலர்க்கொடி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். "சாகல. பசி. ரூம்புல பூட்டிப் போட்டிருந்தாங்க."

பங்காளிகளில் மூத்தவரான தர்மராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். "சாவு வூட்டுல பேசுற பேச்சா டீச்சர் இது? நீங்கதான ஆள் வுட்டுச் சொன்னீங்க?"

வீரம்மாள் அவள் தோளைத் தடவினாள். "கடைசி நேரத்துல பசிக்கத்தான் தாயி செய்யும். எங்கப்பனும் இப்படித்தான் வாங்கி வாங்கிக் குடிச்சாரு."

அவள் உட்கார்ந்து அவர் தலையைத் தூக்கப் பார்த்தாள். நாலு கைகள் அவள் கையை எடுத்துவிட்டன. மெதுவாகத்தான், மரியாதையாகத்தான். படுத்தவாக்கில் ஊற்றுவதுதான் முறை.

அடுத்த கரண்டி. தொண்டையில் களகளவென்றது. அவர் இருமினார். பால் மூக்கில் வந்தது. பஞ்சவர்ணம் முந்தானையால் துடைத்துவிட்டாள். அடுத்தவர் குனிந்தார். அடுத்தது. யாரோ விசும்பினார்கள். அடுத்தது.

"உள்ள எறங்குது, ஆனா அடங்கல" என்றார் தர்மராஜ். "காட்டு மேல ஆசை இருக்கும். ஒரு பிடி மண்ணு கரைச்சு ஊத்துங்க."

மண் தயாராக இருந்தது. ஒரு கிண்ணத்தில், பக்கத்திலேயே. பால் செம்மண் நிறமானது.

சின்னதுரை ஊற்றினான். வீரம்மாள் ஊற்றினாள்.

"டீச்சர், நீங்க."

கரண்டி அவள் கைக்கு வந்துவிட்டது. ததும்பத் ததும்ப. அவள் பின்னால் பார்த்தாள். வரிசை கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மழைக்குள் போயிருந்தது. ஒவ்வொரு கையிலும் டம்ளர். ஒவ்வொரு முகத்திலும் துக்கம். எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

முன்னால் பார்த்தாள். இளையபெருமாளின் மார்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கண்கள் கூடம் முழுக்கத் தேடி அலைந்தன. அவள் முகத்தில் வந்து நின்றன. அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. சோறு கொடுத்தவள். இத்தனை பேரில் அவர் நம்பியது அவள் ஒருத்தியைத்தான்.

வாயைத் திறந்தார். அகலமாக.

பஞ்சவர்ணத்தின் ஈரக் கை அவள் மணிக்கட்டைப் பற்றி, மெல்லச் சாய்த்தது.