எல்லப்பன் வீட்டு வைஃபையில் புகுந்தது யார்?

எல்லப்பன் வீட்டு டி.வி.க்குத் திடீரென்று சொந்த புத்தி வந்துவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். எல்லப்பன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஓவர். பந்து போடுகிறவர் ஓடி வருகிறார், வருகிறார், வந்தே விட்டார். பட்டென்று திரை மாறியது. ஒரு மீசைக்காரர் சேவலைத் தொட்டியில் நிறுத்தி, அதற்கு எப்படிச் சோப்பு போடுவது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

“சுலோச்சனா, ரிமோட்ட இன்னா பண்ண?”

“நானா? உங்க கையில தான் கீது,” என்றாள் அவர் மனைவி.

எல்லப்பன் தன் கையைப் பார்த்தார். ரிமோட் அங்கேதான் இருந்தது.

மறுநாள் அதே நேரத்துக்கு ஒரு கல்யாணப் பெண் வந்து முகத்துக்கு மாவு பூசிக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் யாரோ டிராக்டர் ரிப்பேர் செய்தார்கள். சுலோச்சனா போனில் ஜாக்கெட் தைக்கும் வீடியோ போட்டால், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“எவனோ நம்ம வைஃபைல பூந்துட்டான்,” என்றார் எல்லப்பன். “அவன் போன்ல பாக்கறதெல்லாம் நம்ம டி.வி.ல வருது. ஒரே பேஜாராப் பூடுச்சி.”

ஆறாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் சுகிர்தா வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். முகம் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் வந்து போகிறார், கதவும் திறக்கவில்லை, செருப்புச் சத்தமும் இல்லை. இதை எப்படிப் பிடிப்பது?

எல்லப்பன் ஜன்னல் வழியாகத் தெருவை நோட்டம் விட்டார். பக்கத்து வீட்டுக் குட்டிச்சுவரில் தமிழரசன் உட்கார்ந்திருந்தான். அவனும் சுகிர்தாவும் ஒரே வகுப்பு. கையில் ஏதோ ஒரு போன். தலை குனிந்திருந்தது. ஜன்னலில் ஆள் நிற்பதைக் கண்டதும் சட்டென்று போனை டவுசர் பைக்குள் திணித்தான்.

“பாத்தியா, திருட்டு முழி முழிக்கிறான்,” என்றார் எல்லப்பன்.

சுகிர்தா நம்பவில்லை. ஆனால் அவன் எதற்குப் போனை மறைத்தான்? அதற்குப் பிறகு அவன் என்ன செய்தாலும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது. ‘நேத்து மேட்ச் பாத்தியா?’ என்று கேட்டான். எதற்குக் கேட்டான்? தானாகச் சிரித்துக்கொண்டான். எதை நினைத்துச் சிரித்தான்?

பள்ளிக்கூடத்தில் நேராகவே கேட்டுவிட்டாள். “டேய், எங்க வைஃபை உன் போன்ல வருதா?”

“வைஃபையா? எனக்கு எதுக்கு அது?”

“அப்ப சாயங்காலம் போன காட்டு.”

தமிழரசன் முகம் சுருங்கிவிட்டது. “முடியாது,” என்று சொல்லிவிட்டு வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலம் எல்லப்பன் சும்மா இருக்கவில்லை. எதிரில் இருந்த வேதகிரி டீக்கடையில் அத்தனை பேர் பார்க்க, தமிழரசனை நிறுத்தி வைத்துத் திட்டினார். “இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராத. ஞாயித்துக்கெழம உங்க நைனா ஊர்லேர்ந்து வரட்டும், அவரையே கேக்கறேன்.”

தமிழரசன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். சுகிர்தா ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது. அவன்தான் செய்தான் என்றால் கோபப்படலாம். செய்யாமல் இருந்தால்? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்தான் இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் போனை வாங்கினாள். வைஃபை இணைப்பு கொடுக்க வந்த லைன்மேன் அண்ணன் அதில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தார். வீட்டு வைஃபையில் எத்தனை போன், எத்தனை டி.வி. சேர்ந்திருக்கின்றன என்று அது காட்டும். அதுவரை யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்பா போன், அம்மா போன், டி.வி. மூன்றுதான் இருக்க வேண்டும். ஆப் பதினொன்று என்று காட்டியது.

“ஒருத்தன் எப்பிடி எட்டு போன் வச்சினு இருப்பான்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். ஒரு கண் போனில், ஒரு கண் தெருவில். ஐந்தே காலுக்கு உத்திரமேரூர் பஸ் வந்தது. டீக்கடையில் காத்திருந்தவர்கள் ஏறினார்கள். பஸ் திருப்புலிவனம் கோயிலைத் தாண்டுவதற்குள் பதினொன்று நாலாகிவிட்டது.

ஏழு பேர் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். சரி, மிச்சம் இருக்கும் அந்த நாலாவது யார்? சுகிர்தா எட்டிப் பார்த்தாள். தமிழரசன் குட்டிச்சுவரில்தான் இருந்தான், தலையைக் குனிந்துகொண்டு. அவளுக்கு மறுபடியும் பக்கென்றது.

மனசு கேட்காமல் டீக்கடைக்குப் போனாள். அங்கே அடுத்த பஸ்ஸுக்கு ஒருவர் போனை ஆட்டிக்கொண்டு நின்றார். “இன்னாபா, இங்க டவரே இல்ல?”

வேதகிரி டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். “டவர் எதுக்கு? வைஃபை கீது. ‘எல்லப்பன் பந்தல்’னு வரும், பாரு. அந்த நாற்காலியத் திருப்பு. முதுவுல கீற நெம்பர அப்பிடியே போடு. நானே அதுலதான் சேவல் வீடியோ பாக்கறேன்.”

சேவல் ஆசாமி கிடைத்துவிட்டார். அந்த நாலாவது போன் அவருடையதுதான்.

“மாமா, உங்களுக்கு யாரு இந்த நெம்பர சொன்னது?” என்று சுகிர்தா கேட்டாள்.

“யாரும் சொல்லல கண்ணு. சும்மா போட்டுப் பாத்தேன், தொறந்துகிச்சி. உங்கப்பா பெரிய மனசு, கஸ்டமருங்களுக்குன்னு வுட்டுக்கீறாரு.”

எல்லப்பனுக்குப் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடும் தொழில். டீக்கடையில் கிடந்ததும் அவர் நாற்காலிகள்தான். கல்யாண வீட்டில் நாற்காலி மாறிப்போகக் கூடாதென்று ஒவ்வொன்றின் முதுகிலும் கடைப் பேரும் போன் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருப்பார். லைன்மேன் அண்ணன், ‘மறக்காத நம்பரா ஒண்ணு சொல்லுங்க’ என்று கேட்டபோது அந்த நம்பரையேதான் சொல்லியிருந்தார்.

சுகிர்தா வீட்டுக்கு ஓடினாள். “அப்பா, நம்ம பாஸ்வேர்டு எத்தினி பேருக்குத் தெரியும்?”

“நம்ம மூணு பேருக்குத்தான்.”

“முந்நூறு நாற்காலிக்கும் தெரியும்ப்பா. ஊரே அது மேல சாய்ஞ்சினு குந்தினு கீது.”

எல்லப்பன் போய் ஒரு நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் நெடுநேரம் தலையைச் சொறிந்தார்.

லைன்மேன் அண்ணனைப் போனில் பிடித்தார்கள். அவர் சொல்லச் சொல்ல சுகிர்தா மாற்றினாள். முதலில் வைஃபை பேரிலிருந்து கடைப் பேரை எடுத்தாள். வைஃபை பெட்டியின் அமைப்புகளைத் திறப்பதற்கென்று ஒரு தனிப் பாஸ்வேர்டு இருந்தது. கம்பெனியில் போட்டு அனுப்பியதை யாரும் மாற்றவே இல்லை. அதையும் மாற்றினாள். இப்போது வைஃபைக்குப் புது பாஸ்வேர்டு வேண்டும்.

“உன் பொறந்த நாள் வச்சிடு,” என்றார் எல்லப்பன்.

“அன்னிக்கித்தான் ஸ்கூல் பூரா சாக்லேட் குடுத்தனேப்பா.”

“அப்ப வண்டி நெம்பர்.”

“அது வண்டி பின்னாலயே கீது.”

“நீயே எதுனா போடும்மா,” என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தை, நடுவே கொஞ்சம் எண். அது என்ன என்று எனக்கும் தெரியாது. தெரிந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டேன்.

ஆப்பைப் பார்த்தாள். மூன்று. எதிரில் டீக்கடையிலிருந்து, “இன்னா எல்லப்பா, வைஃபை நின்னுபூடுச்சி?” என்று குரல் வந்தது.

எல்லப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். தமிழரசனைத் தோளில் கை போட்டு டீக்கடைக்கே அழைத்துப் போனார்.

“தம்பி, இத்தினி பேர் பாக்க உன்னத் திட்டினேன். இத்தினி பேர் கேக்கவே சொல்றேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது. எப்பவும் போல வூட்டுக்கு வா.”

தமிழரசன் தலையை மட்டும் ஆட்டினான். சுகிர்தா அவன் பின்னாலேயே போனாள்.

“நீயும்தான சந்தேகப்பட்ட?” என்று அவன் திரும்பாமலே கேட்டான்.

“ஆமா. தப்புதான். ஆனா நீ ஏன்டா போன மறைச்ச?”

அவன் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினான். பட்டன் போன். மூலையில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. “எங்கம்மாவுது. இதுல வைஃபை எங்கேர்ந்து வரும்?”

“இத அன்னிக்கே எங்கப்பா கிட்ட காட்டியிருந்தா அவரு திட்டியே இருக்க மாட்டாரே.”

“டீக்கடையில எல்லாரும் கீறாங்க. டப்பா போன்னு சிரிப்பாங்க. திட்டே பரவால்லன்னு நின்னேன்.”

சுகிர்தா சிரிக்கவில்லை. போனை வாங்கிப் பார்த்தாள். திரையில் பாம்பு விளையாட்டின் பாம்பு பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது.

“எவ்ளோ பாயின்ட்டு?”

“நூத்துப் பன்னெண்டு.”

“இரு, நான் தாண்டிக் காட்டறேன்.”

மூன்றாவது திருப்பத்திலேயே அவளுடைய பாம்பு முட்டிக்கொண்டு செத்தது. தமிழரசன் சுவரைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவள் அதற்குக் கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு ஆட்டம் கேட்டாள்.