தேய்த்த ஓரம்

சாக்கில் சுற்றி வந்த உடைந்த ஃபேன் இறக்கையை அப்துல் சுபான் பட்டறை மேசைமேல் வைத்தார். அவர் மகள் வஹிதாவுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. பாப்பாரப்பட்டி ஜவ்வரிசி ஆலையில் மாட்டிய நாற்பதாம் நாள் அது பிய்ந்து பறந்து, அங்கே வேலை செய்த முனியப்பனின் தோள் எலும்பை முறித்திருந்தது.

"கரீம் செஞ்சதுங்க," என்றார் சுபான், துப்பறிய வந்திருந்த ராஜப்பனிடம். "கண்ணாடி நார்த் துணியை அடுக்கடுக்காப் பிசின்ல ஒட்டறது. அதே மாதிரித் தகட்டுல சோதனைக்குன்னு அறுத்த பட்டையை என் மக மெஷின்ல பத்து லட்சம் தடவை வளைச்சுப் பார்த்தா. போன வாரமும் பார்த்தா. உடையல. அப்ப இறக்கையில மட்டும் துணியைக் குறைச்சிருக்கான். இவனுக்கு வேலையும் இல்ல, என் பொண்ணும் இல்ல!"

வஹிதாவுக்குப் பேசி முடித்திருந்த கரீம் வாசலில் தலைகுனிந்து நின்றான்.

"கேஸ் முடிஞ்சுதுங்க!" என்று துள்ளினார் உதவியாளர் சவுரியப்பன்.

"பொம்மிடி ஸ்டேஷனுக்கு நம்ம ரயில் வர நேரமிருக்குப்பா," என்றார் ராஜப்பன். " அடுக்கை எண்ணு."

சவுரியப்பன் லென்ஸ் வைத்து எண்ணினார். இறக்கையில் எட்டு. பட்டையிலும் எட்டு. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"இப்ப ரெண்டோட ஓரத்தையும் துண்டால துடை."

பட்டையில் துண்டு வழுக்கிக்கொண்டு போயிற்று. இறக்கையில் நூல் சிக்கி இழுத்தது.

"இறக்கை ஓரத்துல ரம்பம் கடிச்ச தடம் அப்படியே இருக்கு. விரிசல் அங்கதான் ஆரம்பிச்சு, வளைய வளைய அடுக்கைப் பிரிச்சிருக்கு. பட்டையை மட்டும் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. கரீம், நீங்களா?"

"அறுத்துக் குடுத்ததோட சரிங்க."

ராஜப்பனின் பார்வை வஹிதாவின் கைமேல் நின்றது. மருதாணி செக்கச்செவேலென்றிருக்க, வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உப்புத்தாளில் உரசியதுபோல் நுனியில் மட்டும் வெளுத்திருந்தன. அவர் பட்டையை எடுத்து அவள் முன் வைத்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான்தான் அத்தா. முதல் பட்டை ஓரத்துலயே பிரிஞ்சுடுச்சு. அதை ஒளிச்சு வச்சுட்டேன். அவர் வேலை தோத்துப்போகக் கூடாதுன்னு மத்ததையெல்லாம் தேய்ச்சேன். நீங்க அவரைத் திட்டினப்பவும் வாய் திறக்கல."

சுபான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கரீம் முதன்முறையாக நிமிர்ந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இறக்கையையும் தேய்ச்சுக் குடுத்திருப்பேனே வஹிதா."

அவள் போனை எடுத்தாள். ஆலை எண்ணை அழுத்தினாள்.

"பாப்பாரப்பட்டி ஜவ்வரிசி ஆலைங்களா? அவசரம்ங்க… ஆமா, நான் வஹிதா. நாங்க குடுத்த மத்த ரெண்டு ஃபேனையும் உடனே நிறுத்துங்க. அதோட இறக்கைக்கும் ஓரம் தேய்க்கல. இல்லைங்க, கரீம் மேல தப்பில்ல. தப்பு என்னுது."