உமைரா அனுப்பாத மெயில்

காலை மணி ஒன்பது பத்து. மாட்டுங்கா பள்ளியின் ஆறாம் வகுப்பில் ஒரே கூச்சல்.

"நீதான் அனுப்பியிருக்கே!" பஞ்சு மேசையைத் தட்டினான். "'இலவச கிரிக்கெட் மட்டை, இங்கே அழுத்தவும்'னு இருந்தது. அழுத்தினேன். அப்பாவோட லேப்டாப் மண்டையைப் போட்டுடுத்து!"

"நான் அனுப்பலடா! வாப்பா மேல சத்தியம்!"

உமைராவின் கண்கள் கலங்கின.

வகுப்பில் இருபத்தாறு பேருக்கு அந்த மெயில் போயிருந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் உமைராவின் முகவரி. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

சுஷ்மா மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தால்தான் கழற்றுவார்.

"பதினோரு மணிக்குச் செம்பூர்ல வினாடி வினா. இப்படி விளையாடற பொண்ணை எப்படிக் கூட்டிண்டு போறது? உமைராவுக்குப் பதிலா பஞ்சுவோட வேற யாராவது..."

மூன்று மாதமாக உமைரா விழுந்து விழுந்து படித்த போட்டி அது!

"மிஸ், ஒரு நிமிசம்!"

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள் மாரிசெல்வி. தாராவியில் அவள் அப்பாவுக்குப் பை தைக்கும் பட்டறை.

"எங்கப்பா தைக்குத பையெல்லாம் பார்சலா வெளியூர் போவும் மிஸ். ஆர்டர் எடுத்த கடை பேரைத்தான் அனுப்புநர்னு ஒட்டுவோம். ஒட்டுதது நாந்தான். அந்தக் கடைக்காரரு பையைக் கண்ணால பாத்திருக்கக்கூட மாட்டாரு!"

"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றான் பஞ்சு.

"மேல ஒட்டுத பேரை யாரு வேணாலும் ஒட்டலாம்லா? ஆனா எங்க புக் பண்ணுனதுன்னு கூரியர்காரரு முத்திரை போட்டிருப்பாரு. அதை நாம மாத்த முடியாது. மெயிலுக்கும் அப்படி ஒண்ணு இருக்கும்லா மிஸ்?"

மிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தன் கம்ப்யூட்டரில், தனக்கும் வந்திருந்த அந்த மெயிலைத் திறந்து, ஓரத்தில் இருந்த மூன்று புள்ளிகளை அழுத்தி, முழு விவரத்தை வரவழைத்தார்.

பொடிப்பொடி எழுத்துகள். அருகே வந்து நின்ற மாரிசெல்வியின் விரல் வரிவரியாக இறங்கியது. சட்டென்று நின்றது.

அனுப்பியவர் சரிபார்ப்பு: தோல்வி!

அடுத்த வரியில், மெயில் கிளம்பிய இடம். யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்ப்யூட்டர். உமைராவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"யாரோ இவ பேரை ஒட்டி அனுப்பியிருக்கா," என்றார் மிஸ். "சரி, எனக்கு இது ஸ்பேம் பெட்டியிலேன்னா கிடக்கு? பஞ்சு, உனக்கு?"

பஞ்சு தலையைச் சொறிந்தான். "எனக்கும் அதிலேதான் மிஸ். மட்டைன்னு போட்டிருந்ததே... வெளியே எடுத்துட்டேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"சாரிடா கண்ணா, விசாரிக்காம பேசிட்டேன்," என்று மிஸ் உமைராவின் தோளைத் தொட்டார். "பையை எடு. நீயும் பஞ்சுவும் கிளம்புங்கோ. டாக்ஸி நிக்கறது."

உமைரா ஓடிப்போய் மாரிசெல்வியை இறுகக் கட்டிக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே பஞ்சுவைப் பார்த்தாள்.

"ஏல பஞ்சு, மெயில் பத்திக் கேள்வி வந்தா மட்டும் நீ வாயைத் திறக்காத. நான் சொல்லிக்கிடுதேன்!"