ராட்டினக்காரியின் கை

வெறும் பெட்டி கனத்தது.

அக்கரையிலிருந்து கயிற்றில் ஒரே ஓர் இழுப்புதான் வந்திருந்தது. ஒன்று என்றால் பெட்டி காலி, இரண்டு என்றால் மூட்டை, மூன்று என்றால் ஆள். பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்ப் பதினாறு வருஷமாகியும் புதுப் பாலம் கட்ட யாருக்கும் மனசு வராத அந்த மலையூரில், பள்ளத்தைத் தாண்ட இருந்தது ஓர் இரும்புக் கயிறும், அதில் தொங்கும் தகரப் பெட்டியும், இக்கரை மேட்டில் அதைச் சுற்றி இழுக்கும் கைராட்டினமும்தான். அக்கரையில் ஏற்றிவிடுவது ராட்டினக்காரியின் கணவன். இக்கரையில் சுற்றுவது அவள். பனி இறங்கிவிட்டால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. கயிற்றின் வழியாகத்தான் பேச்சு.

பதினாலு வருஷமாகச் சுற்றிச் சுற்றி அவள் கையே தராசாகிவிட்டது. மளிகைக்காரர் ஐம்பது கிலோ என்று சத்தியம் பண்ணி விற்கும் மூட்டை நாற்பத்தாறுதான் என்பது ஊரிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட கைக்கு வெறும் பெட்டி தெரியாமல் போகுமா? ஈரத் துருவும் பழைய கிரீஸும் நாற, கயிறு முனகிக்கொண்டே வந்து, பனிக்குள்ளிருந்து பெட்டி தலையை நீட்டியது. உள்ளே ஒன்றும் இல்லை. உட்காரும் பலகை மட்டும் நனைந்திருந்தது.

"கயிறு ஊறிப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாளும் கனத்தது. மூன்றாம் நாள், பாதிச் சுற்றில், கை அந்தக் கனத்தை அடையாளம் கண்டுகொண்டது. நாற்பத்தெட்டு கிலோ. அது தையல்காரி.

தையல்காரியைப் புதைத்து அன்றோடு எட்டு நாள் ஆகியிருந்தது.

புருஷன் விட்டுவிட்டுப் போன அந்தச் சின்னப் பெண் அக்கரையில் குடியிருந்தாள். தைக்கத் துணி வாங்க வாரம் இருமுறை இக்கரைக்கு வருவாள். அவள் ஏறும் நாளில் மட்டும் கயிற்றில் இழுப்பு பூப் பறிக்கிற மாதிரி மெல்ல வரும். மற்ற நாளெல்லாம், மறுமுனையில் கட்டின பெண்டாட்டி நிற்கிறாள் என்று தெரிந்தும், அவன் கயிற்றை மாட்டை இழுப்பதுபோல இழுப்பான். தையல்காரி உட்கார, ஈரம் படாமல் நாலாக மடித்த சாக்கு பலகையில் இருக்கும். பதினாலு வருஷம் ஈரத்தில் நின்று சுற்றியும் தனக்கு ஒரு சாக்கு விழுந்ததில்லை. அந்தச் சாக்கைப் பார்க்கும்போதெல்லாம் ராட்டினக்காரிக்கு வயிறு பற்றி எரியும்.

அப்புறம் கனம் கூட ஆரம்பித்தது. நாற்பத்திரண்டு நாற்பத்து மூன்றாயிற்று. மாதம் போகப் போக நாற்பத்தெட்டு. கம்பளிக் கோட்டுக்குள் தையல்காரி ஊர்க் கண்ணிலிருந்து மறைத்ததைக் கைப்பிடி ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. பிள்ளையில்லாத ராட்டினக்காரி, இன்னொருத்தியின் பிள்ளை வளர்வதைத் தன் தோள் வலிக்க வலிக்க இழுத்துக் கரை சேர்த்தாள்.

ஆள் வரும்போது பல்சக்கரத்தில் கொண்டி போட வேண்டும். கை விட்டாலும் பெட்டி பின்னால் ஓடாது. மூட்டைக்குக் கொண்டியைத் தூக்கிவிட்டுச் சுற்றினால் வேலை சுருக்க முடியும். ஆறாம் மாதத்தில் ஒரு நாள் மூன்று இழுப்பு வந்தது, மெல்ல. அவள் கொண்டியைத் தூக்கிவிட்டாள். பள்ளத்தின் நடுவுக்கு வந்ததும் கையை எடுத்தாள். பெட்டி பின்னால் ஓடிக் குலுங்கி, தையல்காரியைப் பள்ளத்து ஆற்றில் கொட்டியது. அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்துக் கிடைத்த உடம்பை ஆற்றுத் தண்ணீர் ஊதிவிட்டிருந்தது. வயிற்றை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. ஏட்டு வந்து நோட்டைப் பிரித்தார்.

"எத்தனை இழுப்புமா வந்துச்சு?"

"ரெண்டுதாங்க. மூட்டைன்னு நினைச்சுக் கொண்டி போடலை. கை வழுக்கிடுச்சு."

ஏட்டு அவள் கணவனைப் பார்த்தார். அவன் தலை குனிந்து நின்றான். மறுக்கவில்லை. ஆளை ஏற்றிவிட்டு மூட்டைக்கு இழுத்த மறதிக்காரன் என்று ஊர் அவனைத் திட்டித் தீர்த்தது. அவன் தனக்காகப் பழி சுமக்கிறான், இனி முழுசாகத் தன் பக்கம் வந்துவிடுவான் என்று அவள் நம்பினாள். அதற்காகத்தானே இத்தனையும்.

ஆனால் கனம் போகவில்லை. மாலைக் கடைசி நடையில் அவன் தனியாகத்தான் ஏறி வருவான். பெட்டியில் இரண்டு பேர் கனம் இருக்கும். பலகையின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் மடித்த சாக்கு. அதைப் பார்த்து அவளுக்குப் பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. செத்த பிறகுமா உரசிக்கொண்டு வருகிறாள்?

நாற்பத்தொன்பது. ஐம்பது. ஐம்பத்தொன்று.

வளர்கிறது. மண்ணுக்குள் போன பிறகும்.

அவள் வெறும் பெட்டிக்கும் கொண்டி போடத் தொடங்கினாள். டக், டக் என்று பல்சக்கரம் பல் பல்லாக எண்ணியது.

"காலிப் பெட்டிக்கு எதுக்குக் கொண்டி போடுற?" சாப்பிடும்போது அவன் கேட்டான்.

"சும்மாதாங்க. பழக்கம்."

"இப்பவாவது வந்துச்சே" என்று தட்டைப் பார்த்தே சொன்னான்.

விரல் விட்டு எண்ணி மாதம் பார்த்தாள். கை விட்ட அன்று ஆறு. இப்போது ஒன்பது முடிந்திருந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்தே கைப்பிடி துடித்தது. மதியம் பெட்டி பாதி வழியில் நின்று, நடுங்கி, மறுபடி நகர்ந்தது. கயிற்றின் முனகல் கயிற்றின் முனகலாக இல்லை. மூச்சைப் பிடித்து, விட்டு, பிடித்து. அவள் காதைப் பொத்தவும் முடியவில்லை, இரண்டு கையும் கைப்பிடியில். நாலு மணிக்கு வந்த பெட்டி காற்றாக வந்தது. சுத்தமாகக் காலி. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். தொலைந்தாள் சனியன், இனி அவர் எனக்குத்தான்.

பொழுது சாய்ந்தது. பனி மேட்டுக்கு ஏறியது.

மூன்று இழுப்பு.

மெல்ல. பூப் பறிக்கிற மாதிரி.

கொண்டி போட்டாள். சுற்றினாள். அவன் கனம் அறுபத்தொன்று. கை சொன்னது அறுபத்து நாலு. இன்னொரு சுற்று. அறுபத்து நாலு. இரத்த வாடை. பால் வாடை. பெட்டி வந்து மேட்டில் முட்டியது.

அவன் இறங்கினான். கைகளை மார்போடு மடித்து, அடி பார்த்து அடி வைத்து வந்தான். கைகளுக்குள் ஒன்றும் இல்லை. சட்டை மட்டும் அங்கே அழுந்தி, நனைந்திருந்தது.

"கையை நீட்டு."

"ஒண்ணுமே இல்லையேங்க..."

"உன் கைக்குத் தெரியும். நீட்டு."

நீட்டினாள். அவன் தலைப் பக்கம் தாங்கி, பதமாக, அவள் கைகளில் வைத்தான்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ. அன்னிக்கு நான் மூணு தடவைதான் இழுத்தேன்."

மூன்று கிலோ. பள்ளத்துத் தண்ணீரின் குளிர். அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் கைகளுக்குள் குனிந்து பார்த்து, இத்தனை வருஷத்தில் அவள் கண்டிராத ஒரு சிரிப்பைச் சிரித்தான். கனம் மெல்லத் திரும்பியது. துழாவியது. அவள் ரவிக்கையில் வாய் வைத்தது.