தாகினியின் உபவாசம்

பிளக்கை நான்தானே பிடுங்கி வைத்தேன், அப்புறம் இது எப்படி முனகுகிறது?

டெபோரா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்து, மகள் ஜெரூஷாவோடு அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தாள். தாம்பரம் பக்கம் போன மின்சார ரயிலின் சத்தம் தேய்ந்து அடங்கிய பிறகு, சமையலறையிலிருந்து அந்த முனகல், தூக்கத்தில் யாரோ தண்ணீர் கேட்பதைப்போல, விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

தாகினி, அவள் கணவன் எட்மண்ட் ஆசைப்பட்டு வாங்கிய பானம் கலக்கும் மெஷின். தட்டில் விரலை வைத்தால் சுருக்கென்று ஒரு துளி ரத்தம் எடுத்து, உடம்புக்கு அன்றைக்கு எது தேவையோ, காபியோ சுக்குக் கஷாயமோ, அதைக் கலந்து தரும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாசமான லெந்து நாட்களில் இந்த வீட்டில் காபி கிடையாது. லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று டெபோரா அதன் பிளக்கைப் பிடுங்கி, சர்ச் பீடத்துக்குப் போடுவதுபோல ஊதாத் துணி போட்டு மூடினாள்.

"அதுக்குமா உபவாசம், டெபி? பாவம், பட்டினி போடாத," என்று எட்மண்ட் சிரித்தான்.

நேற்றிலிருந்து அவனுக்குக் காய்ச்சல். இன்று விடியுமுன் ஆராதனைக்குக் கிளம்பும்போது போர்வைக்குள்ளிருந்தே, "நீங்க போயிட்டு வாங்க, சேர்ந்து காபி குடிக்கலாம்," என்றிருந்தான்.

"என்னங்க?"

படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தாள். தலையணையில் தலை அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது. போர்வை தட்டையாகக் கிடந்தது. கட்டிலடியில் அவன் செருப்பு.

சமையலறையில் வாசனை. காபி இல்லை. காய்ச்சல் உடம்பின் வெக்கை. அவன் நெற்றியில் அவள் தடவிய தைலம். துருப்பிடித்த இரும்பு.

ஊதாத் துணி நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிளக் தரையில் கிடந்தது.

மேடையில் மூன்று கண்ணாடி டம்ளர்கள். ஒன்று நிறைந்திருந்தது.

சொட்டு. சொட்டு.

பிறகு, மெஷினின் வாயிலிருந்து ஒரு மோதிரம் நழுவி விழுந்தது. கெட்டியான சிவப்பின்மேல் ஒரு கணம் நின்றது. மெல்ல அமிழ்ந்தது. அவன் கல்யாண மோதிரம்.

"டெபி, வந்துட்டியா?"

எட்மண்டின் குரல். தாகினிக்குள்ளிருந்து.

"எவ்ளோ நாள் பட்டினி, தெரியுமா? விரலை வை. பாப்பாவையும் தூக்கிக்கோ, அவளுக்கு எட்டாது."

"அம்மா, டாடி ஏன் உள்ள இருக்காங்க?" ஜெரூஷா தட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

டெபோரா அந்தச் சின்ன விரல்களை, பத்தையும், தன் கைகளுக்குள் வாரி மூடினாள். தட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாவது டம்ளர் தானாக நகர்ந்து மெஷினின் வாய்க்கடியில் வந்து நின்றது.

"ஈஸ்டர் வந்தாச்சே, டெபி. உபவாசம் முடிஞ்சுது. விரலை வை."

"இல்லைங்க," என்றாள் டெபோரா, மிக மெதுவாக. "நாங்க இன்னும் முடிக்கல."