பசை அறையின் நாலாம் லைன்

மூன்று வாரமாக அந்தச் செருப்பு ஃபேக்டரியில் தினமும் மதியம் இரண்டு பத்துக்குத் தீ அபாய மணி அலறிக்கொண்டிருந்தது. ஆனால் எங்கேயும் தீ இல்லை. எனக்கு முன்னால் போன இரண்டு பேர் பேட்டரியை மாற்றி, புகை சென்சார்களைத் துடைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மொராவா ஆற்றங்கரையிலிருக்கும் எங்கள் ஊரில் அலாரம் வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான் பாக்கி.

போக எனக்கு இஷ்டமே இல்லை. நாலு வருடத்துக்கு முன் அங்கே பசை அறை எரிந்து மூன்று பெண்கள் செத்தார்கள். அன்று மணி அடிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி, அறைக்குப் பொறுப்பாக இருந்த லியூபிங்கா, சுவரிலிருந்த பட்டனை அழுத்தாமல் பதறி நின்றுவிட்டாள் என்று விசாரணையில் எழுதினார்கள். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. செத்தவளைத் திட்டாத வாய் இல்லை. இப்போது அதே முதலாளி ரஞ்செல், வாசலில் புதுப் பெயர்ப் பலகை மாட்டி, திங்கட்கிழமை அறுபது பெண்களை உள்ளே உட்காரவைக்கப் போகிறான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று என் கையெழுத்து வேண்டுமாம் அவனுக்கு.

ஜனவரி மூடுபனி ஜன்னல்களை அடைத்துக்கொண்டு நின்றது. காவலாளி தோமா மாமா கதவைத் திறந்தார்.

"வா மேஸ்திரி. காபி போடட்டுமா?"

"உங்க முதலாளி காபி எனக்குத் தொண்டையில இறங்காது மாமா."

"அது நான் வாங்கின காபி. கோவத்த அவன்கிட்ட காட்டு, காபிகிட்ட காட்டாத."

அலாரம் பேனல் அவருடைய அறையில், நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. தீப்பிடித்த அன்றும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். மணி அடிக்கவில்லை, அதனால் லியூபிங்கா அழுத்தவில்லை என்று விசாரணையில் சத்தியம் செய்தவரும் அவர்தான்.

"எந்த லைன் காட்டுது?"

"நாலு. பசை ரூம்." குரலைத் தாழ்த்தினார். "அதத்தான் செங்கல் வெச்சு அடைச்சாச்சே. உள்ள என்ன இருக்கு?"

பெட்டியைத் திறந்தேன். பழைய தூசியின் வாடை. நாலாம் லைனின் திருகைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது.

ஒவ்வொரு லைனின் கடைசி முனையிலும் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்க வேண்டும். பேனல் வயர் வழியாக அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது தட்டுப்பட்டால் எல்லாம் நலம். வயர் அறுந்தால் பழுது. யாராவது பட்டனை அழுத்தினால் அளவு சட்டென்று இறங்கும், மணி அடிக்கும். இங்கே அந்த ரெசிஸ்டரை பேனலிலேயே முறுக்கி வைத்திருந்தார்கள். அறைக்குப் போகும் இரண்டு வயர்களும் கழற்றப்பட்டு, டேப் சுற்றி, பின்னால் மடித்துச் செருகப்பட்டிருந்தன. டேப் மேல் தீயின் கரி படிந்திருந்தது. அப்படியென்றால் தீக்கு முன்பே கழற்றியிருக்கிறார்கள்.

லியூபிங்கா எத்தனை தடவை அழுத்தியிருந்தாலும் இந்தப் பெட்டிக்குக் கேட்டிருக்காது.

பல்லைக் கடித்துக்கொண்டு ரெசிஸ்டரைப் பிடுங்கினேன். மடித்த வயர்களை இழுத்து, டேப்பை உரித்து, மீட்டரை மாட்டினேன். எரிந்து அறுந்த வயர் அது. மீட்டர் எதையும் காட்டக்கூடாது.

நாலாயிரத்து எழுநூறு ஓம் காட்டியது, நான் பிடுங்கிய ரெசிஸ்டரின் அதே அளவு.

மணி இரண்டு பத்து.

எண் சரிந்தது. அறுநூறு. மறுபடி ஏறியது. மறுபடி சரிந்தது.

அந்தப் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் உள்ளேயே நின்றுவிடும், தானாக எழும்பாது. இது எழும்பி எழும்பி விழுந்தது. யாரோ உள்ளங்கையால் அடித்துக்கொண்டே இருப்பதுபோல.

"மாமா, இந்த மீட்டரையே பாத்துக்கிட்டிருங்க. நான் கேட்டா சொல்லுங்க."

வயரைப் பிடித்துக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்தேன். செங்கல் சுவருக்கு ஒரு சாண் முன்னால் அது அறுந்து தொங்கியது. செம்பு முனையில் எதுவும் இல்லை, காற்றுதான். சுவரிலிருந்து பசையின் நெடி வந்தது. சுண்ணாம்புப் பூச்சின் மேல் கை வைத்தேன்.

சூடாக இருந்தது.

"மாமா, என்ன காட்டுது?"

"ஏறுது..." அவர் அறையிலிருந்து கத்தினார். "எறங்குது... ஏறுது..."

என் விரல்களுக்குள் அந்த வயர் அதே கணக்கில் துடித்தது.

உதறிவிட்டு ஓடிவந்தேன். தோமா மாமா தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அவ அழுத்தியிருக்கா."

"அழுத்தியிருக்கா மாமா."

"அழுத்தலன்னு சத்தியம் பண்ணினவன் நான். இந்த வாயால."

அப்போதுதான் ரஞ்செல் உள்ளே வந்தான். "என்ன மேஸ்திரியம்மா, கையெழுத்துப் போட்டாச்சா?"

ரெசிஸ்டரை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். "இத இங்க வெக்கச் சொன்னது யாரு?"

அவன் கண்கூடச் சிமிட்டவில்லை. "பசை வாடைக்கே தினம் மூணு தடவ கத்துச்சு. கத்தினா அரை மணி நேரம் வேலை நிக்கும். அது வாய அடைக்கச் சொன்னேன்."

"மூணு பொம்பளைங்க வாய அடைச்சிருக்க!"

"அறுபது பேருக்கு வேலை தரேன். இந்த ஊர்ல வேற எவன் தரான்? எடுத்த எடத்துலயே மாட்டு."

"மாட்ட மாட்டேன்."

"தள்ளு." என் கட்டரை எடுத்துக்கொண்டான். வயர்களை ஒட்ட வெட்டுவதற்காக இரண்டையும் சேர்த்து இடது கையால் பிடித்தான்.

விடவில்லை.

விட முடியவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த வயர்களில் மின்சாரமே இல்லை. ஆனால் அவன் கை வயரோடு சேர்ந்து பின்பக்கம் இழுபட்டது, ஏறியது, இறங்கியது, பெட்டியின் இரும்பில் அறைந்தது. மறுபடி. மறுபடி. பேனலில், வயரே இணைக்காத நாலாம் லைனின் விளக்கு சிவப்பாக எரிந்தது. கட்டடம் முழுக்க மணி அலறியது.

"புடிச்சு இழுங்கடா!" என்று கத்தினான்.

நானும் தோமா மாமாவும் நகரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பயத்தில் நின்றோம் என்று சொன்னால் பாதிதான் உண்மை.

கை விடுபட்டதும் அவன் பனிக்குள் ஓடினான். ஓடும்போது அவன் உள்ளங்கையைப் பார்த்தேன். வெந்திருந்தது.

அன்று மாலையே படங்களோடு தொழிலாளர் ஆய்வு அலுவலகத்துக்கு எழுதினேன். தோமா மாமா போலீசுக்குப் போய்த் தன் பழைய வாக்குமூலத்தை மாற்றினார். பிறகு லியூபிங்காவின் கணவன் வீட்டுக்குப் போனார். அந்த ஆள் இவரை அறைந்தாராம். "இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம்" என்று என்னிடம் சொன்னார். திங்கட்கிழமை ஃபேக்டரி திறக்கவில்லை.

ஏப்ரலில் வழக்கு வந்தது. சாட்சிக் கூண்டில் நின்று ரெசிஸ்டரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று ரஞ்செல் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தான்.

"நிறுத்துங்க. யாராவது அத நிறுத்துங்களேன்..."

நீதிபதி அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எத நிறுத்தணும்?"

கூடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவன் வக்கீலும் விழித்தார். நீதிபதி என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

கேட்டது. என் தலைக்கு நேர் மேலே, கொஞ்சமும் குறையாமல், அந்த மணி கூடம் முழுக்க அலறிக்கொண்டிருந்தது.

"இல்லீங்கம்மா" என்றேன்.