சஹனில் நஸீமின் பங்கு

"ஆ காட்டு, நஸீம். ஆ..."

நஸீம் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். பத்து மாதக் குழந்தைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்துதான் வந்ததோ!

பஹ்மா கரண்டியை வள்ளமாக்கிப் பார்த்தாள்.

"இஞ்ச பாரு, வள்ளம் கரைக்கு வருது!"

வள்ளம் வந்து வந்து திரும்பிப் போனது. கடைசியில் நஸீம் கையை வீசினான். வள்ளம் கவிழ்ந்தது. குழைத்த சோறு பஹ்மாவின் மூக்கில் அப்பிக்கொண்டது.

வேலிக்கு அப்பால் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஜெய்னம்பு மாமி எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, சோறு தின்றது தம்பியா, உன்ட மூக்கா?"

"சிரிக்காதீங்க மாமி. இண்டைக்கும் ஒரு வாய் உள்ள போகல்ல."

நாட்டில் சண்டை முடிந்து இரண்டு வருடங்களான காலம் அது. கடலோடு சேர்ந்த களப்பின் கரையோரம், கற்பிட்டி வீதியை ஒட்டி இருந்தது அந்தக் குடியிருப்பு. இருபது வருடங்களுக்கு முன்பு வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் அங்கே வாழ்ந்துவந்தார்கள். இப்போது அவர்களில் சிலர் மன்னார்ப் பக்கம் போய்த் தங்கள் பழைய காணிகளைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். பஹ்மாவின் வாப்பாவும் காடாகிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கப் போயிருந்தார். அதனால் உம்மா வெங்காயத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்.

விடிந்ததும் நஸீமுக்குப் பால் கொடுத்துவிட்டு உம்மா தோட்டத்துக்குப் போகும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிவிடுவார். அதில் நெருங்கியிருக்கும் பெண்களின் சிரிப்பு வீதி திரும்பும்வரை கேட்கும். பின்னேரம் வந்து, கைகால் கழுவியதும், மறுபடி பால். நடுவில் வரும் பகல் சாப்பாடுதான் பஹ்மாவின் பொறுப்பு. பள்ளி விடுமுறை என்பதால் அவளே அதைக் கேட்டு வாங்கியிருந்தாள். மாமி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தபடி இருவரையும் பார்த்துக்கொள்வார்.

உம்மா ஊட்டும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது! நஸீமை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடப்பார். தேங்காய்ப்பால் சொதி விட்டுக் குழைத்த சோற்றில் விளைமீனைப் பிசைவார். முள் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். "காகம் கேக்குது, குடுக்கட்டா?" என்பார். நஸீமின் வாய் தானாகத் திறக்கும். பின்னாலேயே நடக்கும் பஹ்மாவுக்கும் ஓர் உருண்டை கிடைக்கும். அந்தச் சின்ன உருண்டையின் ருசி ஒரு பீங்கான் தட்டு நிறையச் சோற்றுக்கும் இருந்ததில்லை.

பஹ்மாவும் காகத்தைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அது வந்தது. வந்து, கிண்ணத்துக்குள்ளேயே அலகை விட்டது.

அன்று பின்னேரம் உம்மா வந்ததும் கேட்டார். "எத்தின வாய் சாப்பிட்டான்?"

"ரெண்டு."

"உள்ள போனதா, வெளிய வந்ததா?"

"வெளிய வந்ததுதான் ரெண்டு."

உம்மா சிரிக்கவில்லை. நஸீமின் கையைத் தடவினார். "மெலிஞ்சி போறான். நிறை கூடல்ல எண்டு கிளினிக் மிஸ்ஸும் சொன்னா. நாளையோட நான் வேலைய நிப்பாட்டுறன்."

"அப்ப வாப்பா?"

"காணிய விட்டுட்டு வரச் சொல்லுவம். வேறென்ன செய்ய?"

போன வெள்ளிக்கிழமைதான் வாப்பா போனில் கத்தியிருந்தார்: "பத்தைக்குள்ள எங்கட கிணறு இருக்கு! தண்ணியும் இருக்கு!"

"நாளைக்கு ஒரு நாள் பாக்கிறன் உம்மா. நாளைக்கு மட்டும்."

மறுநாளும் அதே கிண்ணம், அதே கரண்டி, அதே மூடிய வாய்.

பஹ்மாவுக்கு அலுத்துப்போனது. பசியும் எடுத்தது. தன் சோற்றைப் பீங்கானில் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். மாமியின் மகன் ஃபாஹிம் வேலி ஓட்டையால் நுழைந்து வந்தான். அவனுக்கு நான்கு வயது. எந்த வீட்டில் பீங்கான் சத்தம் கேட்டாலும் வந்துவிடுவான்.

"ராத்தா, எனக்கும்."

"கை கழுவிட்டு வா."

இருவரும் ஒரே பீங்கானில் சாப்பிட்டார்கள். நஸீம் பஹ்மாவின் வாயைப் பார்த்தான். ஃபாஹிமின் வாயைப் பார்த்தான். பிறகு தவழ்ந்து வந்தான். இருவருக்கும் நடுவில் கையை விட்டு, பிடி சோற்றை அள்ளி, வாயில் திணித்தான்.

"மாமி! தின்றான்!"

"கத்தாத புள்ள, நிப்பாட்டிருவான்!" என்று மாமி அதைவிடப் பெரிதாகக் கத்தினார்.

அடுத்த கணம் நஸீமின் முகம் சிவந்தது. கறியின் உறைப்பு! வீரிட்டு அழுதான். பஹ்மா ஓடிப்போய் ஆறவைத்த தண்ணீரைக் கொடுத்து, வாயையும் கையையும் துடைத்துவிட்டாள். ஆனால் அழுதுகொண்டே நஸீமின் கை மறுபடியும் பீங்கானை நோக்கி நீண்டது.

பஹ்மா அந்தக் கையையே பார்த்தாள்.

"மாமி, இவனுக்குச் சோறு புடிக்காம இல்ல. தனியத் தின்னத்தான் புடிக்கல்ல. உங்கட சஹன ஒருக்காத் தாறீங்களா?"

சஹன் என்றால் கலியாண வீடுகளில் பலர் வட்டமாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு.

"சஹனா? ஆருக்கு இஞ்ச கலியாணம்?"

"நஸீமுக்கு விருந்து மாமி."

பஹ்மா சஹனைக் கழுவித் துடைத்தாள். சோற்றையும் சொதியையும் மீனையும் குழைத்து, கிண்ணத்தில் அமுக்கி, சஹனின் ஒரு பக்கத்தில் கவிழ்த்தாள். மணல் வீடு மாதிரி நின்றது. மற்றப் பக்கங்களில் தனக்கும் ஃபாஹிமுக்கும் அதே சோறு.

ஃபாஹிம் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "உறைப்பே இல்ல!"

"விருந்துக்கு வந்தவங்க குறை சொல்லப்படாது. பிஸ்மில்லாச் சொல்லித் தின்னு."

நஸீம் தின்றான். காதில் கொஞ்சம், வயிற்றின் மேல் கொஞ்சம், மீதி வாயில்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கிளினிக்கில் பிள்ளைகளை நிறுக்கும் நிலானி மிஸ் இறங்கி வந்தார். சஹனைக் கண்டதும் அவர் புருவம் உயர்ந்தது.

"என்ன பஹ்மா இது? பிள்ளைக்குத் தனிக் கிண்ணம் எண்டு சொன்னனான் எல்லே? எல்லாரும் கை போட்டா அவன் எவ்வளவு சாப்பிட்டான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியும் மிஸ். அவன்ட பங்கு இந்தப் பக்கம். கிண்ணத்தால அளந்து கவிழ்த்தது. அரைவாசிக்கு மேல முடிஞ்சிட்டு."

"மற்றவையின்ட கை?"

"எல்லாரும் சவுக்காரம் போட்டுக் கழுவினது. ஃபாஹிம், கையக் காட்டு!"

ஃபாஹிம் காட்டினான். விரலிடுக்கில் நஸீமின் பங்கிலிருந்து எடுத்த மீன் துண்டு இருந்தது.

"கள்ளன்!" என்றாள் பஹ்மா.

மிஸ்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, இப்பிடியே குடுங்கோ. ஆனா இந்தக் கள்ளனைக் கொஞ்சம் தள்ளி இருத்துங்கோ."

பொழுது சாயும் நேரம் உம்மா வந்தபோது, சஹன் மறுபடியும் சோற்றோடு பாயில் இருந்தது. உம்மா வாசலிலேயே நின்றார். முந்தானையில் மண் அப்படியே இருந்தது.

"ஏன் உம்மா நிக்கிறீங்க?"

"நாங்க சின்னப் புள்ளைகளா இஞ்ச வந்த புதிசில, முகாமில எங்கட வரிசைக் கொட்டிலுக்கெல்லாம் ஒரே சஹன்தான் இருந்திச்சி. உம்மாமார் சுத்தி இருந்து எங்களுக்கு ஊட்டுவாங்க. எந்தக் கை ஆருட உம்மாட கை எண்டே தெரியாது. ஆர் குடுத்தாலும் வாங்கித் தின்னுவம்."

"அழுறீங்களா?"

"வெங்காயம் புள்ள, வெங்காயம்."

உம்மா கை கழுவிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். நஸீம் அவரை நிமிர்ந்து பார்த்தான். தன் பங்கிலிருந்து ஒரு பிடி அள்ளி உம்மாவின் வாயில் வைத்தான். பாதி மடியில் விழுந்தது. மீதியை உம்மா மெல்லாமலே விழுங்கினார்.

"உம்மா, நாளைக்கு வேலைக்குப் போவீங்கதானே?" என்று பஹ்மா கேட்டாள்.

பதில் சொல்ல உம்மா வாயைத் திறந்தார். அதற்குள் நஸீமின் அடுத்த பிடி வந்துவிட்டது.

வாய் நிறையச் சோற்றோடு உம்மா 'ஓம்' என்று தலையை மட்டும் ஆட்டினார்.